ஐந்து மொட்டு, மூன்று மொட்டு

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. "ஜோதி, சூப்பரா தெச்சிருக்கடி" என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோறு தண்ணி மறந்து அவர்களுக்கு உட்கார்ந்து தைப்பேன். கைக்குட்டையில் பேர், தலையணை உறையில் பூ, பிறந்த பிள்ளைக்குத் தொப்பி, மிக்ஸிக்குச் சட்டை. காசு வாங்க மாட்டேன். தி.நகரில் ஒரு பிளவுஸ் கடையில் நாள் முழுக்கக் காசுக்குத்தான் மிஷின் மிதிக்கிறேன், அது போதும். வீட்டுக்கு வந்து தைப்பதெல்லாம் சும்மா கொடுக்க. சும்மா என்பதும் பொய்தான். அந்தப் பாழாய்ப்போன ஒரு வார்த்தைக்குத்தான் கொடுத்தேன்.

மந்தைவெளியில் எங்கள் பழைய குடியிருப்பு மூன்று மாடி. ஒரு மழையில் படிக்கட்டே பெயர்ந்து விழுந்தபின் அதை இடித்து ஒன்பது மாடியாகக் கட்டினார்கள். நாலு வருஷம் வேளச்சேரிப் பக்கம் வாடகைக்குக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். குலுக்கலில் எனக்கு ஆறாவது மாடி. தாயம்மாக்காவுக்கும் ஆறாவது மாடி. எங்கள் ஆட்களோடு வேறு எங்கெங்கிருந்தோ வந்தவர்களும் கலந்து குடியேறினார்கள். லிஃப்டில் ஏறினால் பாதி முகம் தெரியாது.

தாயக்கா எனக்குச் சொந்தமில்லை. பழைய வீட்டில் பக்கத்துக் கதவு. என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போனபோது, "போறான் வுடு, மூட்டப்பூச்சி போச்சுன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லி, மூன்று மாதம் தன் வீட்டிலேயே எனக்குச் சோறு போட்டவள். அந்த வாடகை வீட்டு நாலு வருஷத்தில் சர்க்கரை ஏறி அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவளைக் கைபிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் நான்தான். கண்ணுக்கு அடுத்து விரல் மரத்துப் போகலாம், ஜாக்கிரதை என்று டாக்டர் சொன்னதையும் நான்தான் கேட்டேன்.

கண் போனது அவளுக்கு அத்தனை பெரிய விஷயமாகவே இல்லை. மார்க்கெட் முனையில் உட்கார்ந்து பூ கட்டுவதுதான் அவள் பிழைப்பு, பேச்சு, சிரிப்பு எல்லாம். பூ கட்டக் கண் எதற்கு? அரும்பைத் தொட்டே காம்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, ஊர்க்கதை ஒன்றுவிடாமல் பேசிக்கொண்டே முழம் முழமாகத் தள்ளுவாள். அந்த முனைக்கு அவளே தனியாகப் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் பிரச்சனை.

பிரபு அவள் ஒரே மகன். வேளச்சேரியில் ஒரு மாலில் செக்யூரிட்டி. காலையில் போனால் இருட்டித்தான் வருவான். புது வீட்டுக்கு வந்த அன்றே அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இந்தாம்மா, இது பழைய வூடு இல்ல. ஒம்போது மாடி, எல்லாக் கதவும் ஒண்ணா கீது. ஒரு மாசம் பாக்கறேன். ஒரே ஒரு தபா வழி தப்பினாலும் உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

"என்னை இன்னா நாயின்னு நெனச்சியாடா?"

"நாய்க்குக் கண்ணு தெரியும்மா."

கொடுமையாகப் பேசிவிட்டு அவனே மூலையில் போய் நின்று அழுதான். பயந்த பையன்.

லிஃப்டில் பட்டன்கள் வழவழவென்று ஒன்று போலவே இருந்தன. எண்ணி அமுக்குவாள். இறங்கிச் சுவரைத் தடவிக்கொண்டு ஏழாவது கதவு. ஆனால் மாடி தப்பினால்? ஏழாவது கதவு எல்லா மாடியிலும்தானே இருக்கிறது. அதற்குத்தான் நான் தைத்தேன்.

ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் கெட்டித் துணி. அதன் மேல் தடித்த வெள்ளை நூலில் முடிச்சுத் தையல் போட்டு, அரும்பு அரும்பாகப் புடைத்து நிற்கும்படி முல்லைச் சரம். மேலே ஐந்து மொட்டு, கொஞ்சம் இடைவெளி, கீழே மூன்று மொட்டு. தாழ்ப்பாளில் தொங்கவிட்டு, அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

"முல்லையா?" என்றாள். "அஞ்சு... அப்பால மூணு. ஐயே, அரும்பு மாதிரியே கீதுடி! எவ்ளோ நாள் கயிச்சு ஒரு பொருளைப் பாக்கறேன்."

பார்க்கிறேன் என்றுதான் சொன்னாள்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. லிஃப்ட் ஒருதரம் ஏழாவது மாடியில் நின்று, அங்கே ஏழாவது கதவைத் தடவிப் பார்த்திருக்கிறாள். தொங்கல் இல்லை. சட்டென்று புரிந்துகொண்டு ஒரு மாடி இறங்கி வந்துவிட்டாள். அதைப் பூ முனையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாளாம். பிரபுகூட, "அக்கா, உனுக்கு ஒரு பிரியாணி வாங்கித் தரணும்" என்றான்.

அதற்குள் தொங்கல் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வந்தார்கள். அறிமுகமே இல்லாத பெண்கள் லிஃப்டில் நிறுத்தி, "நீங்கதானா அது தெச்சது? இன்னா கை உங்களுக்கு!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாவது மாடிக்காரர்கள் கேட்டபோது மட்டும் எரிந்து விழுந்தேன். "தாயக்கா அடையாளத்துக்குத் தெச்சது, புரியாதா உங்களுக்கு? அதே மாடியில இன்னொண்ணு மாட்டினா அது குழம்பிப் போயிடாதா?" என்று கேட்டு விரட்டினேன். அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

மற்ற மாடிகளுக்குத் தைத்தேன். அதிலும் நான் பெரிய புத்திசாலி. ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் கலர் மாற்றினேன். மூன்றாவது மாடி சகினாவுக்குப் பச்சை. எட்டாவது மாடியில் ஒரு டீச்சரம்மாவுக்கு ஊதா. ஐந்தாவது மாடியில், புதிதாக வந்த பங்கஜத்துக்குச் சிவப்பு. "தாயக்காவுது மஞ்ச. அதனால மஞ்ச மட்டும் யாருக்கும் கெடையாது" என்று கண்டிப்பாகவே சொல்லி வைத்தேன். மொத்தம் பதினொன்று. பங்கஜம் வாயெல்லாம் பல்லாக வாங்கி அப்போதே கதவில் மாட்டினாள். அவள் கதவும் ஏழாவது என்பதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்கு மேல் கரண்ட் போயிருக்கிறது. லிஃப்ட் இல்லை. தாயக்கா பூக்கூடையோடு படியேறி வந்திருக்கிறாள். நடுவில் யாரோ சாமான் இறக்குகிறேன் என்று அவளை ஓரங்கட்டி நிற்க வைத்ததில் எண்ணிக்கை ஒன்று தப்பிவிட்டது. ஏழாவது கதவைத் தொட்டாள். தொங்கல் இருந்தது. ஐந்து மொட்டு, மூன்று மொட்டு. அவளும் தன் கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுத்தான் போவாள், அதனால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பங்கஜம் கதவைச் சும்மா சாத்திவிட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். எல்லா வீடும் ஒரே அமைப்பு, அலமாரியும் ஒரே இடம். தாயக்கா தன் சர்க்கரை மாத்திரை டப்பாவைத் தேடித் தட்டில் கை விட்டாள். அந்தத் தட்டில் பங்கஜத்தின் கம்மல் டப்பா இருந்தது. அது கையில் இருக்கும்போது பங்கஜம் வந்துவிட்டாள்.

எனக்குக் கடைக்கு போன் வந்தது. நான் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முடியைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போட்டு அடித்திருக்கிறார்கள். "குருடி மாதிரி ஆக்டு குடுக்கறா பாரு" என்று ஒருத்தன் அவள் கண்ணுக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தானாம். தெரிந்த ஆள் ஒருவர் வந்து விஷயத்தைச் சொன்னபிறகுதான் கூட்டம் கலைந்திருக்கிறது. பங்கஜம் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு எப்படிங்க தெரியும்? நான் வந்தே பத்து நாள்தானே ஆச்சு?" என்று என்னிடம் கேட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அவள் கதவுக்கு முன்னால் நின்றேன். சிவப்பாக, அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். ஐந்து. இடைவெளி. மூன்று. அடிப்பாவி ஜோதி! சிவப்பாவது, மஞ்சளாவது! யாருக்குடி கலர் மாற்றினாய்?

மேலே, தாயக்கா சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. விஷயம் கேட்டு வேலையிலிருந்து ஓடி வந்த பிரபு பக்கத்திலேயே நின்றான், கையில் புதுப் பூட்டு.

"என் கையே பொய் சொல்லிச்சுடி, ஜோதி" என்றாள். "அஞ்சு, மூணுன்னுதான் தெரிஞ்சுது. இல்லாததை இருக்குன்னுது. டாக்டரு சொன்னாரே, வெரலும் போவும்னு. போயிடுச்சுடி."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். பிரபு நின்ற நிலையைப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. பயந்தாங்கொள்ளிச் சிறுக்கி நான்.

அடுத்த நாளிலிருந்து கதவில் பூட்டு. பூவை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாலாவது கட்டுவாள் என்று நானே முல்லை வாங்கிப் போனேன். கூடைக்குள் கைகூட விடவில்லை. "இந்த வெரலை நம்பி எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அந்த அரும்பெல்லாம் மலர்ந்து வாடிப்போனது.

ஒவ்வொரு மாடியாக ஏறி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன். சகினா உடனே கழற்றிக் கொடுத்தாள். பங்கஜமும் கொடுத்தாள். மற்றவர்கள், "குடுத்ததைப் போய்த் திருப்பிக் கேப்பாங்களா? நல்லா கீதே ஞாயம்!" என்று கதவைச் சாத்தினார்கள்.

ஒன்பதாம் நாள் தாங்க முடியாமல் பிரபுவிடம் உண்மையைச் சொன்னேன். கத்தினான், என்னைக் கண்டபடி பேசினான். பேசட்டும் என்று நின்றேன். பிறகு சாவியை என் கையில் வைத்தான்.

"நீயே போய்ச் சொல்லுக்கா. ஒம்போது நாளா அது என்னோட பேசல. பூ கட்ட வரேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்தப் பூட்டைத் தூக்கிக் குப்பையில போட்டுடறேன்."

ஓடினேன். பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், மஞ்சளையும் சிவப்பையும் அவள் இரண்டு கையிலும் வைத்தேன்.

"பாருக்கா. ஒண்ணு உன்னுது, ஒண்ணு பங்கஜத்துது."

இரண்டையும் தடவினாள். மறுபடி தடவினாள்.

"ரெண்டும் ஒண்ணு" என்றாள்.

"ஆமாக்கா! உன் கை பொய் சொல்லல. அங்கயும் அதேதான் தொங்கிக்கினு இருந்துது. நான்தான் தெச்சுக் குடுத்தேன். என்னை செருப்பால அடி. ஆனா உன் வெரலுக்கு ஒண்ணும் இல்லக்கா!"

அவள் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன், சத்தியமாக மலர்ந்தது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "அப்ப போவலியா?" என்றாள். "போவலக்கா" என்று சொல்லி நான் அழுதேன், சிரித்தேன்.

"அப்பால ஏன்டி ஒரே மாதிரி தெச்ச?"

"ஒரே மாதிரி தெக்கலக்கா. நான் யோசிக்காம இல்ல. கலரு மாத்தினேன். உனுக்கு மஞ்ச, அவளுக்கு செகப்பு..."

சொல்லும்போதே அவள் விரல் நின்றுவிட்டது.

"கலரா?" என்றாள்.

கையிலிருந்த இரண்டையும் மடியில் வைத்தாள்.

"பிரபுக்கு நான் குருடின்னு நெனப்பு கீதுடி. அதான் பூட்டறான். என்னைக் கையைப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனவ நீ. உனுக்கே மறந்து போச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். "நீயே மறந்துட்டன்னா வெளியில கீறவன் எவனுக்குடி நெனப்பு இருக்கும்? எனுக்குப் பயமா கீது, ஜோதி. நான் வரல."

"யக்கா, வேற தெச்சுத் தரேன், யாருமே போடாத மாதிரி..."

"வாணாம். நீ தெக்காத." இரண்டு தொங்கலையும் மடித்து என் பக்கம் தள்ளினாள். "போ. போவும்போது பூட்டிக்கினு போ."

நான் நகரவில்லை. "பூட்டுடி" என்று அவள் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். வெளியே வந்து கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன். சரியாக விழுந்ததா, இழுத்துப் பார் என்று உள்ளேயிருந்து சொன்னாள். இழுத்துப் பார்த்தேன். விழுந்திருந்தது.