உபதேசியார் எடுத்த பூப்பொட்டலம்

சாமி எதையும் என் மகள் ஸ்வீட்லின் செய்யவில்லை. தொண்ணூற்றாறு ஐப்பசியில் இதைப் பாளையங்கோட்டையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஆயுசெல்லாம் வேதக்கோயிலில் உபதேசியாராக இருந்தவன் மகள் ஆற்றங்கரையில் சுடலைமாடனுக்குப் பீடம் போட்டாளாம் என்று சபையார் பேசினால் எந்த அப்பனுக்குச் சோறு இறங்கும்?

அவள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். தாமிரபரணி வண்டலைக் குழைத்து ஆளுயரத்துக்கு ஒரு தூண் செய்து, மாரிக்கண்ணு என்ற பெண்ணின் வாழைத்தோட்டத்துக்குக் கீழே, மருதமரத்தடியில் நிறுத்தினாள். தூண் முழுக்க நெல் விதைத்திருந்தாள். வெள்ளம் வந்து அதைக் கரைக்க வேண்டும். நாம் எடுத்ததை ஆறு திரும்ப எடுத்துக்கொள்வதுதான் படைப்பாம். கரைவதைப் படம் பிடித்தால்தான் வேலை முடியுமாம். எனக்கு இந்த நவீனக் கலை பாதிதான் புரிந்தது. ஆனால் மாதக்கணக்கில் அவள் நகக்கண்ணில் சேறு போகாததைப் பார்த்தவன் நான்.

கலை தெரிந்தவளுக்கு ஊர் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் கீழே அகன்று மேலே குறுகும் மண்தூண் மரத்தடியில் நின்றால் அதற்கு ஒரே பெயர்தான்: மாடன் பீடம். நெல் முளைத்த அன்று மாரிக்கண்ணுவின் சினைமாடு சிக்கலில்லாமல் கன்று ஈன்றது. அது தூணின் அருள் என்று மாரிக்கண்ணு அதன்மேல் மஞ்சள் தெளித்தாள். பிறகு மாலை வந்தது, எலுமிச்சை வந்தது. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து அம்மையப்பர் தன்னைத்தானே பூசாரியாக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மழை பிடித்ததும், தண்ணீர் படாமலிருக்கத் தூணைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கிவிட்டார். மறுநாள் சிமெண்டு பூச ஆள் சொல்லியிருந்தார்.

"அப்பா, கரையலன்னா இம்புட்டுப் பாடும் வீணுப்பா" என்று ஸ்வீட்லின் அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கலங்கல் தண்ணீர் மூட்டைகளைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

"வே அம்மையப்பரே, மூட்டையை எடும். இது எம்மவ செஞ்ச வேலை."

"செஞ்சது ஒம்ம மவதான். உள்ள குடியேறுனது யாருன்னு ஒமக்குத் தெரியுமாவே?"

வார்த்தை தடிக்கும்போது மாரிக்கண்ணு நடுவில் வந்தாள். "சண்டை போட்டு என்னத்துக்கு? சாமிகிட்டயே கேப்போம். பூக்கட்டிப் பாப்போம்." ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. எடுப்பதில் வெள்ளை வந்தால் சாமி ஆற்றோடு போகும், சிவப்பு வந்தால் இங்கேயே இருக்கும். கூடியிருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவள் குடிசைக்குள் போய், வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டித் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"நாம எடுத்தா அய்யா நம்ப மாட்டாவ. அவுகளே எடுக்கட்டும். என்ன வந்தாலும் பெறவு பேச்சு இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாடன் முன்னால் நின்று நான் பூ எடுப்பதா? ஸ்வீட்லினைப் பார்த்தேன். கேமராவை முந்தானையில் பொத்திக்கொண்டு மழையில் நின்றாள். வேதத்தில் எங்கள் அப்போஸ்தலர்களும் ஆள் தேர்ந்தெடுக்க ஒருதரம் சீட்டுப் போட்டவர்கள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கர்த்தரை நினைத்து ஒன்றை எடுத்தேன். மழையில் நனைந்த வாழைநார் அவிழ்வேனா என்றது.

உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை.

அம்மையப்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உத்தரவு ஆயிட்டு" என்று முதல் மூட்டையை அவரே தூக்கினார். தண்ணீர் உள்ளே புகுந்தது. அடிமண் இளகி, தூண் பச்சைப் பயிரோடு பைய ஒருபக்கம் சாய்ந்து, கரைந்து, ஆற்றோடு ஓடியது. பெண்கள் குலவை போட்டார்கள். ஸ்வீட்லின் படம் எடுத்துக்கொண்டே சிரித்தாள், அழுதாள். நான் "ஸ்தோத்திரம்!" என்று கத்தியேவிட்டேன். அப்படியொரு நிம்மதி எனக்கு.

கூட்டம் கலைந்த பிறகு, எடுக்காத பொட்டலம் தாம்பாளத்தில் கிடந்தது. சும்மா பிரித்துப் பார்த்தேன். அதிலும் நந்தியாவட்டை.

மாரிக்கண்ணு அதை என் கையிலிருந்து பிடுங்கி ஆற்றில் எறிந்தாள்.

"பிள்ளையை அழ வைக்காத, நான் போறேன்னு சாமி நேத்தே என் கனவுல வந்து சொல்லிட்டாரு அய்யா. ஊரு நம்பணும்லா?"

கனவையும் குறியையும் நம்பாதே என்று ஊர் ஊராகப் பிரசங்கம் பண்ணியவன் நான். அன்று, "நம்பணும்தான்" என்றேன்.