முற்றத்துப் பக்கக் கதவு

கார்வெல் கோட்டையில் பதினெட்டு வருஷம் வாசல்காரனாக இருந்த ஆடோ நான்தான். என்னைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கதவுக்குப் பின்னால் நின்றவன் நான், அவர்கள் இல்லை.

முன்பு முற்றத்தின் நடுவே ஒரு பழைய கோபுரம் இருந்தது. வேல்ஸ் மலைக்காரர்கள் இறங்கி வந்தால் மணி அடிக்கும். கோட்டைச் சனம் மொத்தமும் அதற்குள் ஓடி அடைந்துகொள்ளும். எங்கள் பிரபு அதை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே வாசலில் இரட்டைக் கோபுரம் எழுப்பினார். நடுவில் வண்டி போகிற அகலத்தில் நீளமான நடை. வெளிமுனையில் சங்கிலியில் இறங்கும் கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் ஓக் மரக்கதவு. முற்றத்துப் பக்கமும் அதே மாதிரி இன்னொரு ஜோடி. நடையின் கூரையில் துளைகள், கீழே மாட்டிக்கொண்டவன் தலையில் கல்லைப் போட. மேலே, பிரபுவுக்குப் பதிலாகக் கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் கோட்டைத் தலைவரின் வீடு, தானிய அறை, தனிக் கிணறு. கோட்டைக்குள் இன்னொரு கோட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றத்துப் பக்கக் கதவின் தாழ்க்கட்டையும் நடைக்குள்ளேதான் இருந்தது. அதாவது முற்றத்தில் நிற்பவனால் அதைத் திறக்க முடியாது. கதவு மாட்டிய அன்று என் மனைவி ஹாவிஸ் மேஸ்திரி ஈவோவை வம்புக்கு இழுத்தாள். கோட்டைக்கே பார்லிக் கள் காய்ச்சிக் கொடுக்கிறவள். அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

“என்ன மேஸ்திரி, கதவைத் திருப்பி மாட்டிட்டீங்களா? முத்தத்துல இருக்கிறது நாங்கதானே? எங்களுக்கா பூட்டு?”

“பிரபு சொன்னதைத்தான்மா கட்டுறேன். கூலிக்கு வந்த சிப்பாய்ங்க நாளைக்கு யார் பக்கம் சாய்வானுங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“அது சரி! என் வீட்டுக்காரரு உள்ள இருக்கிறவரைக்கும் எனக்கென்ன?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

தவக்காலத்தில் ஒரு நண்பகல். மலைக்காரர்கள் வெளிவாசலில் விறகைக் குவித்துத் தீ மூட்டிக் கூச்சல் போட்டார்கள். கோட்டைத் தலைவர் ஜோஸ்லின் வில்லாட்கள் அத்தனை பேரையும் வாசலுக்கு மேலே வரவழைத்தார். மகா கெட்டிக்காரர்! வடக்கு மதிலில் இரண்டே பேர் மிச்சம். ஏணிகள் அங்கேதான் சாய்ந்தன.

மணி அடித்தது. கோபுரம் இல்லாத முற்றத்தில் சனம் எங்கே ஓடும்? எங்கள் வாசலுக்குத்தான் ஓடி வந்தது.

“ஆடோ! முத்தத்துக் கதவை அடை!” என்று மேலேயிருந்து ஜோஸ்லின் கத்தினார்.

“ஐயா, நம்ம சனங்க ஓடி வருதுங்க...”

“எனக்கும் கண்ணு இருக்குடா. அதுங்க பின்னாலயே அவனுங்களும் நுழைவானுங்க. அடை!”

அடைத்தேன். கட்டையை இழுத்துச் செருகினேன். ஜோஸ்லின் ஜன்னல் பக்கம் போய்விட்டார். நடையில் நான் மட்டும். என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை, இதை ஒளிக்க மாட்டேன். மலைக்காரர்கள் முதலில் குதிரை லாயத்துக்குத்தான் போனார்கள். கர்த்தர் கற்பித்த செபத்தை மூன்று தடவை நிதானமாகச் சொல்லி முடிக்கிற நேரம் இருந்தது. திறந்து, எல்லோரையும் விட்டு, திரும்ப அடைத்திருக்கலாம். பயம். அந்தக் கட்டையைப் பிடித்தபடியே நின்றேன், பாவி.

வெளியே ரொட்டிக்காரன் வாரினின் குரல் கேட்டது. “இது திறக்காது. வாங்க, தேவாலயத்துக்குப் போயிடலாம்.”

“நில்லுங்கப்பா! உள்ள இருக்கிறது யாரு? எங்க வீட்டுக்காரரு. கட்டாயம் திறப்பாரு” என்றாள் ஹாவிஸ்.

அவள் பேச்சை நம்பி முப்பது பேர் நின்றார்கள். வாரினோடு ஏழு பேர் போனார்கள். தேவாலயத்தில் பதுங்கியவர்களை மலைக்காரர்கள் தொடவில்லை.

ஜோஸ்லின் மூன்று நாள் தாக்குப்பிடித்தார். பிறகு சமாதானம் பேசி, கவசத்தோடும் குதிரையோடும் வெளியேறினார். போகும்போது என் தோளைத் தட்டி, “நீதான்டா காவல்காரன்” என்றார். அந்தக் கையை வெட்டியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

ஹாவிஸ் என்னைச் சபித்துக்கொண்டே செத்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படிச் சபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கதவில் காதை வைத்துக் கேட்டவன் நான். லாயத்திலிருந்து மலைக்காரர்கள் ஓடி வரும் சத்தம் கிட்டத்தில் கேட்டபோதும் அவள் பக்கத்தில் அழுதவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் பொறுங்க. கட்டை மழையில ஊறி இறுகியிருக்கும். பாவம், ஒத்தை ஆளா இழுத்துக்கிட்டிருக்காரு.”