அப்பாவுக்கு நெய்த துணி

கஹிக்குக் குதிரையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பயமெல்லாம் மடியில் இருந்த துணியைப் பற்றித்தான்.

சும்பாத் தீவில் பெண்ணைக் கட்டியவன் வீட்டிலிருந்து குதிரை போகும். பெண் கொடுத்த வீட்டிலிருந்து துணி வரும். கல்யாணமோ சாவோ, வழி அதுதான். மாற்றிக் கொண்டுபோனால் ஊர் சிரிக்கும். தெரிந்தேதான் கஹி மூன்று வருஷம் நெய்தாள். மூலையில் அப்பாவின் நெற்றிவெள்ளைக் குதிரையைக்கூட நெய்து வைத்திருந்தாள். சொல்லாமல் ஓடிப்போய் ஹுங்காவைக் கட்டிக்கொண்ட மகளிடம் அப்பா அப்புறம் பேசவேயில்லை. உயிரோடு இருந்தவரை கொண்டுபோய்க் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. இனி அவர் திட்டமாட்டார்.

"வேணாண்டி" என்று வழியெல்லாம் புலம்பினான் ஹுங்கா. "ஆறு வருஷம் கழிச்சு ஒத்தக் குதிரையோட போறோம். உங்கண்ணன் அத வாங்கிட்டாலே பெரிசு. நீ வேற துணிய நீட்டி வம்ப வெலைக்கு வாங்காத."

அவன் பயந்தபடியே ஆயிற்று. துக்கத்துக்கு வந்தவர்கள் வெற்றிலை மென்றுகொண்டிருக்க, வாசலிலேயே மறித்தான் அண்ணன் மரம்பா.

"அப்பாவப் போத்த எங்களுக்கு வக்கில்லேன்னு காட்ட வந்தியா?"

"என் கையால நெய்ததுண்ணே. யாரு கண்ணுலயும் படாம அடியில சுத்தினாலும் போதும்."

"குதிரை கொண்டாந்த வீட்டுக்காரியாத்தானே வந்திருக்க? அப்ப அதோட நில்லு."

ஆனாலும் துணியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். குதிரையைக் கட்டச் சொன்னான். ஹுங்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போர்த்துவானோ என்ற நப்பாசையில் கஹி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்தது. குதிரையை வாங்கியவன் துணி கொடுத்தால்தான் உறவு. மரம்பா கொடுத்தான். அவள் துணியையே மடித்துக் கொடுத்தான்.

"இந்தாங்க மாப்ள. இனி இது உங்க வீடு."

ஊர் தலையாட்டியது. ஹுங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம். கஹிக்கு வயிறு எரிந்தது. அப்பாவுக்கென்று நெய்தது அவரைத் தொடாமலேயே திரும்பிவிட்டதே!

வீடு திரும்பியதும் துணியை விரித்த ஹுங்கா கத்தினான். "பாத்தியாடி உங்கண்ணன் லட்சணத்த! வெட்டுப்பட்ட துணியக் குடுத்து அனுப்பிருக்கான். மாப்ளயாம் மாப்ள! இப்பவே போயி என்ன அர்த்தம்னு கேக்கறேன்."

கஹி எட்டிப் பார்த்தாள். ஒரு மூலை மட்டும் கத்தியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. நெற்றிவெள்ளைக் குதிரையைக் காணவில்லை.

வாசலைத் தாண்டியவன் கையைப் பிடித்து இழுத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் மேல் இருந்த கோபமும் போகவில்லை.

"போகாதீங்க. அந்தக் குதிரை அப்பாகிட்டப் போயிருச்சு. நீங்க ஊரு முன்னால கேட்டா, அப்படி எதுவும் வைக்கலேன்னுதான் அண்ணன் சொல்லணும்."