வலப்பக்கம் வளைந்த கொடுக்கு

வானத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட எனக்கு நாலு விநாடிகூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றரை மணி. ஸ்டுடியோவின் பின்னறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. முன்னறையில் அத்தான் ஒரு குழந்தையைப் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரவைத்து, "சிரிக்கக் கூடாது தங்கம், சிரிச்சா ஆபீஸர் வெளிநாட்டுக்கு விடமாட்டாரு" என்றார். குழந்தை அதற்குத்தான் சிரித்தது. என் திரையில் படம் இரண்டு அடுக்காக இருந்தது. கீழே ஒற்றைப் பாறையும் பொட்டல் தரையும், மேலே விண்மீன்கள். பாறையின் விளிம்போடு இரண்டையும் பிரித்து, மேலடுக்கை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றினேன். தென்வானத்தில் நிற்கும் தேளின் கொடுக்கு இடப்பக்கம்தான் சுருளும். இப்போது அது வலப்பக்கம் சுருண்டிருந்தது. பிறகு விளிம்பில் துருத்திய ஒட்டைப் புள்ளி புள்ளியாக அழித்துச் சமன் செய்தேன். அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

ஐந்து மணிக்கு அத்தான் உள்ளே வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பிரமாதம் குட்டி. வானத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் நீலம் ஏத்து."

ஏற்றினேன்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு என்னை வீட்டோடு வைத்துக்கொண்டவர். கேமராவைக் கையில் கொடுத்தவரும் அவர்தான். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கல்யாணப் படங்களிலும் பாஸ்போர்ட் படங்களிலும் அலுத்துப்போயிருந்தவருக்கு ஏழு வருடங்களுக்கு முன் இரவு வானத்தைப் படம் எடுக்கும் ஆசை வந்தது. ஊர்வெளிச்சம் எட்டாத இடங்களாகத் தேடிப் போவோம். அக்காவுக்குக் காரில் ஏறினாலே குமட்டும். அதனால் கடையை அவள் பார்த்துக்கொள்ள, நானும் அத்தானும் கிளம்புவோம். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடவேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். ஏன் என்பது முதல் பயணத்திலேயே தெரிந்துவிட்டது. இருட்டியபிறகு காரிலிருந்து இறங்கி இருபது அடி நடப்பதற்குள் முழங்கால் உயரக் கல்லில் மோதி விழுந்தார். எழுந்தவர் நான் நிற்கும் பக்கம் முகத்தை வைக்காமல், வேறெங்கோ பார்த்துப் பேசினார்.

"மாலைக்கண்ணு மாதிரி, குட்டி. பரம்பரையா வர்றதாம். போகப்போகக் கூடத்தான் செய்யுமாம். அக்காகிட்ட சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பினார். நான் தனியாகப் போய் முக்காலியை ஊன்றி, பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சிறுக்கும்வரை லென்ஸைத் திருகினேன். இருபது விநாடி மூச்சைப் பிடித்தபடி நின்றேன். கேமராவின் முதுகில் படம் வந்ததும் ஓடிப்போய்க் காட்டினேன். காருக்குள் அந்தச் சின்ன வெளிச்சத்தில் அவர் வாய் திறந்தபடி இருந்தது.

"இவ்ளோ இருக்கா மேல?" என்றார்.

அன்று அவருக்காக இன்னும் நாலு படம் எடுத்து ஓடிவந்து காட்டினேன். ஏழு வருடம் அப்படியே ஓடியது. நான் பனியில் நிற்பேன், பாறையிடுக்கில் கால் வைக்கும்முன் தட்டிப் பார்ப்பேன், எங்கோ நாய்கள் ஊளையிட்டால் முக்காலியைக் கம்பாகப் பிடித்துக்கொள்வேன். அவர் காருக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முன்விளக்கைப் போட்டு எனக்குத் திசை காட்டுவார். ஊருக்குத் திரும்பி நாள்கணக்கில் உட்கார்ந்து படங்களைத் தீட்டுவதும் நான்தான். கேமராவில் அவர் பெயர் பதிந்திருந்ததால் ஒவ்வொரு படமும் பிறக்கும்போதே அவர் பெயரோடு பிறந்தது. பரிசுகள் வந்தன. மேடைகளில் அவர் இருட்டைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். ஒரே வீடு, யார் பெயரில் வந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் புத்தகம் வந்தது. நாற்பது படங்கள், கெட்டி அட்டை. நன்றிப் பக்கத்தின் கடைசி வரி: 'பைகளைச் சுமந்து, இரவெல்லாம் பிளாஸ்க்கில் தேநீர் வைத்துத் தந்த என் மச்சினிக்கு அன்பு.' அக்கா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "பாத்தியா, உன்னையும் மறக்கல" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் அன்றைக்கும் அடங்கவில்லை, மறுநாளும் அடங்கவில்லை. பல் தேய்க்கும்போது அந்த வரி ஓடியது. வாடிக்கையாளர் முகத்தில் பருவை அழிக்கும்போதும் ஓடியது. தெருவில் நின்று என் படம் என்று கத்தலாம்தான். யார் நம்புவார்கள்? சாட்சி சொல்ல அந்தப் பாறைகள் வரப்போவதில்லை. அந்த இடத்தில் நின்றவருக்கு மட்டும் தெரிகிற ஒன்று வேண்டும். அத்தான் வானத்தை அண்ணாந்து பார்த்ததில்லை. அவருக்கு வாய்த்த ஒரே வானம் நான் எடுத்துத் தருவது. அதைத்தான் திருப்பிப் போட்டேன்.

புகைப்படச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில், எட்டடி அகலத்தில் அந்தப் படத்தை மாட்டினார்கள். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அத்தானை நடுவராக அறிவிப்பதாகவும் இருந்தது. அழைப்பிதழ்களை உறையிலிட்டு அனுப்புவது வழக்கம்போல் என் வேலை. வான் பார்க்கும் குழு ஒன்றின் முகவரி பட்டியலில் இல்லை, நான் சேர்த்தேன்.

முதல் நாள் அவர்களில் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் மாலை, அந்தக் குழுவிலிருந்து, கப்பலில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் வந்தார். படத்தின் முன்னால் நின்றார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். அக்காவும் அத்தானும் சங்கத் தலைவரோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள்.

"சார், இது நிஜமா எடுத்த படமா, வரைஞ்சதா?"

"ஒவ்வொரு விண்மீனும் நிஜம் சார்" என்றார் அத்தான். "ரெண்டு ராத்திரி குளிர்ல நின்னிருக்கேன்."

"அப்படின்னா உங்க தேளு ஏன் வால வலது பக்கம் சுத்திக்கிட்டிருக்கு? கடல்ல முப்பது வருஷம் இதப் பாத்துக்கிட்டே காவல் இருந்தவன் நான். ஒரு நாளும் இப்படித் திரும்பி நின்னதில்ல." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாலுமி சிரிக்கவில்லை. "எந்தத் திசையப் பாத்து நின்னீங்க?"

"அது... வடகிழக்கு."

"வடகிழக்குலயா தேளு?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியாது என்பார்கள். அத்தான் கத்தவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே நொடி, அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். நான் எடுத்த படம் என்று சொல்லியிருந்தால், சத்தியமாக, பழியை நானே ஏற்றுக்கொண்டிருப்பேன்.

"எடிட்டிங்ல தப்பு பண்ணிட்டா சார்" என்றார். "என் மச்சினிதான் அதப் பாக்கறா. கத்துக்குட்டி. என்ன பண்றது!"

மாலுமி என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அங்க போயிருந்தீங்களாம்மா?"

"போயிருந்தேன் சார். தெற்கு பாத்து நின்னேன். ஏப்ரல் கடைசி, ராத்திரி ரெண்டே கால். பாறைக்கு மேல ஒரு சாண் தள்ளித் தேளோட செவப்பு நட்சத்திரம். கொடுக்கு இடது பக்கம். காத்து இழுத்துச்சு, முக்காலியில கல்லு கட்டித் தொங்கவிட்டேன். இருபது விநாடி. பதினோராவது படம் இது."

மாலுமி தலையாட்டினார்.

"அப்ப சார் எங்க இருந்தாரு?"

"கார்ல."

"தூங்கிட்டாரா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். மறுபடியும் சிரிப்பு.

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் வெளியே நின்னேனே" என்றேன்.

இனித்தது. பொய் சொல்லமாட்டேன், அடிநாக்குவரை இனித்தது. அத்தானின் காதுமடல்கள் சிவந்தன. சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரைத் தனியாக அழைத்துப் போனார். இருட்டுவதற்குள் இரண்டு பேர் ஏணி வைத்துப் படத்தைக் கழற்றினார்கள். நடுவர் பற்றிய அறிவிப்பு வரவில்லை. அக்கா மட்டும் வெற்றுச்சுவரில் மிஞ்சிய நாலு ஆணிகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

வாடகை வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். அத்தான் நேராகப் போய்க் கடைசி அறையில் உட்கார்ந்துகொண்டார். அக்கா சமையலறையில் தோசைக்கல்லைத் துலக்க ஆரம்பித்தாள். அது காலையிலேயே துலக்கியதுதான்.

"ஏழு வருஷம்" என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டு. "ஏழு வருஷமா அந்த இருட்டுல நீ ஒத்தையில நின்னிருக்க. அவரு கார்ல உக்காந்திருக்காரு. ஏன்டி?"

நான் அலமாரியில் தட்டுகளை அடுக்கினேன்.

"குடியா? இல்ல, போன்ல எவகிட்டயாவது பேசிக்கிட்டு இருந்தாரா? அதுக்குத்தான் உன்ன வெளிய அனுப்பினாரா? சொல்லித் தொலை. நான் தாங்கிப்பேன்."

கடைசி அறையின் கதவு திறந்துதான் இருந்தது. அக்கா பேசுவது அவருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அக்காவின் சந்தேகம் போய்விடும், கோபம்கூட இரக்கமாகிவிடும், நாளைக் காலை அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிற பேச்சாக வீடு மாறிவிடும். ஆனால் நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். ஏழு வருடத்தில் அதை மீற நினைத்ததில்லை. இப்போது அதைக் காப்பாற்றுவதுதான் எறிவதற்கு என் கையில் மிச்சமிருந்த கடைசிக் கல் என்று புரிந்தது.

"அத அவருகிட்டயே கேளு அக்கா" என்றேன்.

அக்கா தோசைக்கல்லை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஈரக் கையோடு நின்றாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மற்ற நாட்களில் பொழுது சாயும்முன்பே எங்கள் வீட்டில் எல்லா விளக்கும் எரியும்; பேய்க்குப் பயந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேன் என்று அக்கா கேலிசெய்வாள். அன்று சமையலறையைத் தவிர எங்கும் விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. நடையில் கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள் அத்தானின் உள்ளங்கை சுவரைத் தேய்த்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி வந்தது. செருப்பு அடுக்கும் பலகையில் அவர் கால் இடித்து ஏதோ உருண்டது. சமையலறை வெளிச்சம் விழும் ஓரத்தில் முதலில் அவருடைய விரல்கள் தெரிந்தன, சுவரில் எதையோ வாசிப்பதுபோல. அக்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடை விளக்கின் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.