முந்நூறு பேர் குறைச்சல்

டவுன் சுகாதார ஆபீசில் எட்டு மாத வயிற்றோடு நின்ற செங்கமலத்துக்குக் குமாஸ்தா அருளானந்தமே எழுந்து தன் நாற்காலியைத் தந்தார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்துவிட்டால் கேட்க வந்ததைக் கேட்க வாய் வராது என்று இருந்தது. கணவன் உத்திராபதி துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, போன வருஷம் பதிந்த தானப் பத்திரத்தின் நகலை மேசைமேல் வைத்தான்.

பஸ் ரோட்டோரம் ஆறு சென்ட். அவர்களுக்கு இருந்ததே அதுதான், கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியிலேயே, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் கண்ணில் பட்ட இடத்தில் பிறந்து, அழாமலே போய்விட்டது. அதன்பிறகுதான் ஊருக்குத் துணை சுகாதார நிலையம் வருகிறது, நர்ஸ் அங்கேயே தங்குவார், இடம் யார் தருவீர்கள் என்று கூட்டத்தில் கேட்டார்கள். முந்திரிக்காடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உத்திராபதியைக் கை தூக்கச் சொன்னது செங்கமலம். ஓவர்சியர் வந்து அளந்து, நாலு மூலையிலும் சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டுவிட்டுப் போனார். அதோடு சரி.

அருளானந்தம் கெட்டவர் இல்லை. கோப்பை இரண்டு தரம் படித்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். ஐயாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்று உத்தரவு. புதுக் கணக்கெடுப்பில் இவர்கள் ஊரும் சுற்றியுள்ள பட்டிகளும் சேர்ந்து நாலாயிரத்து எழுநூறுதான். ஆறு மைல் தள்ளி இருக்கும் பெரிய ஊருக்கு மாற்றியாகிவிட்டது.

"முந்நூறு பேருதாம்மா குறையுது. நாலஞ்சு வருஷத்துல பொறந்துருவாங்க. அப்ப எழுதிப் போடலாம்."

"பொறக்கறதுக்குத்தான் சார் கேக்குறோம்" என்றாள் செங்கமலம்.

பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. நிலையம் இல்லையென்றால் இடத்தையாவது திருப்பித் தரக்கூடாதா என்று உத்திராபதி கேட்டான்.

"அது கவர்னர் பேருல பதிஞ்சிருக்குய்யா. எங்களால தொட முடியாது. நீயும் கடலை கிடலை போட்டுறாத, ஆக்கிரமிப்புன்னு எழுதிருவாங்க."

"அவரு வூடு எங்கங்க சார் இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிரசவத்துக்கு முன்னாலேயே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கிவிடச் சொன்னார் அருளானந்தம். டவுனில் தங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் பாதி வழியில் அவள்தான் சொன்னாள்.

"எண்ண வந்த வாத்தியாருகிட்ட வயித்துல இருக்கறதயும் சேத்து வூட்டுல மூணு பேருன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டுன்னுட்டேன்."

"ஒரு ஆளு கூடி என்னா ஆவப் போவுது."

"நம்ம வூட்டுக்கு ஆயிருக்கும்."



ஊரில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆறு சென்ட்டில் ஆள் உயரத்துக்கு எருக்கஞ்செடி. இடுப்பில் சுருக்கென்று பிடிக்கவே செங்கமலம் நடக்க முடியாமல் மூலைக்கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை, பஸ் குலுக்கலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். உத்திராபதி அக்கம்பக்கம் பார்த்தான்.

"ஏந்திரி புள்ள. அது கவுருமெண்டு எடம்."

அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அந்தக் கையை வயிற்றில் வைத்தபோது சேலையில் வெள்ளையாகப் பதிந்தது. ஆலமரத்தடியில் பஸ் டவுனுக்குப் போகத் திரும்பியது. மறுநாள் காலைவரை அதுதான் கடைசி. கண்டக்டர் விசில் கொடுத்து, ஏற யாராவது இருக்கிறார்களா என்று இவர்கள் பக்கம் பார்த்தான்.