பிரச்சனைப் பக்கம்

இரண்டாம் நாள் காலை, கடையின் ஷட்டர் முழுதாக ஏறுவதற்கு முன்பே சுருட்டையின் இடது காதுக்கு மேலிருந்து புகை வந்தது. டெமோ காட்ட வந்திருந்த கம்பெனிப் பொண்ணு அதை ஆவி என்றாள். "ஆவிதான்க்கா, ஈரம் போகுது" என்று சொல்லிக்கொண்டே, சூடான இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிய முடிக்கற்றையை வேரிலிருந்து நுனிவரை இழுத்தாள். நேற்றிலிருந்து தண்ணீரே படாத முடியில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று சுருட்டை கேட்கவில்லை. பதினொரு வருஷமாக இதே கடையில், தலைமுடிச் சாமான்கள் அடுக்கிய மூன்றாம் வரிசையில் நிற்கிறவள் அவள். எது ஆவி, எது கருகல் என்று மூக்கே சொல்லிவிடும்.

சுருட்டை என்பது கடை வைத்த பெயர். சட்டையில் குத்திய பட்டையில் சொந்தப் பெயர் இருக்கத்தான் செய்தது. அதை யாரும் படித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் பில் போடுகிற ஒருவர் விளையாட்டாகக் கூப்பிட்டது, பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

போன வாரம் மேனேஜர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக உட்காரச் சொன்னார். "முடி உடையாம காக்கற சீரம் ஒண்ணு புதுசா வந்திருக்கு. வாசல்லயே நாலு நாள் டெமோ. பாதித் தலைக்கு மட்டும் போட்டுக் காட்டணுமாம். உன் முடிதான் அதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு." அவள் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "சூப்பர்வைசர் போஸ்ட் காலியா கிடக்குல்ல? ஹெட் ஆபீஸ்ல உன் பேரச் சொல்ல எனக்கும் ஒரு காரணம் வேணுமே" என்றார். அந்த வேலை தனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது என்பது அவளுடைய நெடுநாள் வயிற்றெரிச்சல். சரி என்று தலையைக் கொடுத்தாள். நிஜமாகவே கொடுத்தாள்.

முதல் நாள் வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வாசலுக்கு நேர் எதிரே, முழங்கால் உயர மேடையில் ஒரு சுழல் நாற்காலி. அதற்கு மேலே இரண்டு அட்டைகள் தொங்கின. இடது பக்கத்து அட்டையில் 'தீர்வு'. வலது பக்கத்து அட்டையில் 'பிரச்சனை'.

பிரச்சனைப் பக்கத்துக்கு எதுவும் போடக்கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. தண்ணீர் கூடாது, கண்டிஷனர் கூடாது, ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கூடாது. அதுகூடப் பரவாயில்லை. கம்பெனிப் பொண்ணு பையிலிருந்து நெருக்கமான பற்கள் வைத்த பிரஷ் ஒன்றை எடுத்து, காய்ந்த சுருள்களை வறட்டு வறட்டென்று சீவினாள். சுருள் முடியைக் காய்ந்தபடி சீவினால் என்ன ஆகும் என்பது மூன்றாம் வரிசையில் ஒரு வாரம் நின்றவருக்கே தெரியும். மோதிரம் மோதிரமாகத் தொங்க வேண்டிய முடி பஞ்சுமெத்தை கிழிந்தமாதிரி பறந்து நின்றது. அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவளுடைய முடி ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. அப்படி ஆக்கிவிட்டு, அதற்கு மேலே பிரச்சனை என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"வழவழன்னு இருக்கணும்னா இந்தப் பக்கம்! இப்படியே இருந்தாப் போதும்னா அந்தப் பக்கம்!" என்று மைக்கில் கூவினாள் கம்பெனிப் பொண்ணு. வருகிறவர்கள் நின்றார்கள். கேட்காமலே கை நீட்டித் தொட்டார்கள். இடது பக்கத்தைத் தடவினார்கள், வலது பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்கள். ஒருவர் தன் மனைவியிடம், "இந்தப் பக்கத்த வெட்டிக் குடுத்தா பாத்திரம் தேய்க்க ஆகும்" என்றார். மனைவி சிரித்தாள். சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். சுருட்டையும் சிரித்தாள். சிரித்தது அவளுடைய வாய்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கணவன் சுவிட்ச் போர்டுகளை ஒவ்வொன்றாக முகர ஆரம்பித்தான். எலக்ட்ரீசியன் அவன். "எங்கயோ வயர் கருகுது. உனக்கு வாசனை வரல?"

"வயர் இல்ல. நான்தான்."

அவன் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தான். முகம் மாறியது. "எத்தன டிகிரி வச்சாங்க?"

"அயர்ன்ல எரநூத்து முப்பதுன்னு காட்டுச்சு."

"எரநூத்து முப்பதா! வயர் ஒட்டற சால்டர் ஈயமே உருகிடுமேம்மா அதுல. தலையா, சர்க்கியூட் போர்டா?"

அவன் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரலில் வேடிக்கை இல்லை. அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். வலது பக்கம், தாகமெடுத்த மாதிரி குடித்துவிட்டு, சுருண்டு சுருண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. இடது பக்கம் திரும்பவில்லை. நனைந்த நூல்போலத் தொங்கியது. இன்னொரு குவளை ஊற்றினாள். இன்னொன்று. முன்நெற்றியோரம் இரண்டு கற்றை மட்டும் பாதி மனதோடு வளைந்தன. விரலைக் கொடுத்துக் கோதியபோது கையோடு வந்தது முடி. வேரோடு உதிர்ந்தால் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். அது இயற்கை, தினமும் உதிர்வது. இதில் குமிழ் இல்லை. எல்லாம் விரல்நீளத் துண்டுகள். நடுவில் ஒடிந்தவை. வாஷ்பேசின் வெண்மையில் அவை கமா கமாவாகக் கிடந்தன.

இருபத்திரண்டு வயதில் ஒருமுறை, மருந்து போட்டு முடியை நேராக்கிக்கொண்டவள் அவள். தலையணையெல்லாம் ஒடிந்த துண்டாகக் கிடந்த அந்த வருஷத்திலிருந்து மீண்டு வர மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷத்தில்தான் ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கக் கற்றாள். கடையில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் தலையிலேயே போட்டுப் பார்த்து, தப்பாகி, கழுவி, மறுபடி போட்டுப் பார்த்துக் கற்றது. அந்தப் படிப்பு முழுவதையும் இரண்டே நாளில் பொசுக்கிவிட்டார்கள். பொசுக்குவதற்குக் கழுத்தை நீட்டியவள் தானே என்பது இன்னும் எரிந்தது.

மூன்றாம் நாள் காலை கம்பெனிப் பொண்ணிடம் நேராகவே சொன்னாள். "சூட்டக் குறைச்சு வைம்மா. முடி ஒடியுது."

"குறைச்சா பளபளப்பு வராதுக்கா. இன்னிக்கும் நாளைக்கும்தானே?"

"ஒடியாம காக்குதுன்னு மைக்ல சொல்ற. ஒடியுதுன்னு நான் சொல்றேன். இதுல யாரு பொய் சொல்றது?"

அந்தப் பெண் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, டார்கெட் முடியலேன்னா என்னை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க, ப்ளீஸ்." இருபது வயதுகூட இருக்காது அவளுக்கு. சுருட்டை பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். டாக்ஸி ஓட்டுகிறவள் என்பது காக்கிச் சட்டையிலும் கையிலிருந்த சாவிக்கொத்திலும் தெரிந்தது. பக்கத்தில் எட்டு ஒன்பது வயது மகள். பிள்ளையின் தலையை அடக்கி இழுத்து இரண்டு பின்னல் போட்டிருந்தது. புருவம்கூட மேலே இழுபட்டு, எப்போதும் எதையோ கண்டு திடுக்கிட்ட முகமாக இருந்தது. நெற்றியோரம் முழுக்க ஒடிந்த முடி புல்லாக நின்றது.

"இவளுக்கும் இதே முடிதாங்க" என்றாள் டாக்ஸிக்காரி. 'இதே' என்று சொல்லும்போது கை வலது பக்கத்தைக் காட்டியது. "சீவறப்ப தினம் அழுகை. சீப்பு பூரா முடியா வருது. இதப் போட்டா ஒடியறது நிக்குமா?"

"நிச்சயமா நிக்கும் மேடம்!" என்று கம்பெனிப் பொண்ணு பாட்டிலை நீட்டினாள்.

பிள்ளை பாட்டிலைப் பார்க்கவில்லை. மேடையருகே வந்து, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்து, சுருட்டையின் முகத்தையே பார்த்தது. "ஆன்ட்டி, இதுல எது உங்க முடி?"

மைக் நின்றுவிட்டது. சுருட்டை வலது பக்கத்தைத் தொட்டாள். "இதும்மா." பிறகு இடது பக்கத்தையும் தொட்டாள். "இதுவும் என்னோடதுதான். பொசுக்கிட்டாங்க."

எழுந்தாள். மேடையிலிருந்து இறங்கி, "வாங்க" என்று அவர்களை மூன்றாம் வரிசைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"பாட்டில் முன்னாடி போட்டிருக்கற பொம்மையப் பாக்காதீங்க. திருப்புங்க. முதல்ல தண்ணி இருக்கா? இருக்கணும். ரெண்டாவது, ஆல்கஹால்னு இருந்தா பயந்துடாதீங்க. சீட்டைல் ஆல்கஹால்னு சேத்துப் போட்டிருந்தா அது மெழுகு மாதிரி, முடிக்கு நல்லது. வெறும் ஆல்கஹால்னு மேலயே இருந்தா, வந்த இடத்துலயே வச்சிடுங்க, முடிய வறட்டிடும்." கீழ்த்தட்டில், யாரும் குனிந்து எடுக்காத மூலையில் இருந்த ஒரு கண்டிஷனரை எடுத்தாள். பிள்ளையின் உள்ளங்கையில் கொஞ்சம் பிதுக்கினாள். "தேய்ச்சுப் பாரு. வழுக்குதா?"

"வழுக்குது."

"வழுக்கணும். முடியும் முடியும் உரசாம இருந்தா ஒடியாது. அவ்வளவுதான் ரகசியம்." அகலப் பல் சீப்பு ஒன்றைக் கூடையில் போட்டாள். "ஈரத்துல, இத போட்டுட்டு, நுனிலேர்ந்து மேல மேல வாங்க. உச்சந்தலைலேர்ந்து இழுத்தா பிள்ளை அழாம என்ன செய்யும்? டவலால பரபரன்னு துடைக்காதீங்க, பழைய பனியன் துணி போதும். இந்த மாதிரி இறுக்கிக் கட்டவே கட்டாதீங்க."

டாக்ஸிக்காரியின் முகம் சுருங்கியது. "எல்லாரும் இறுக்கிக் கட்டுனாத்தான் அடங்கும்னாங்க."

"அது என்ன தப்பு பண்ணுச்சு அடங்கறதுக்கு?"

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. எண்ணெய்ப் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். மேனேஜரும் வந்துவிட்டார்.

"இங்க என்ன பண்ற? வாசல்ல சேர் காலியா இருக்கு."

"கஸ்டமருக்குச் சாமான் எடுத்துக் குடுக்கறேன். அதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க?"

கூடையை எட்டிப் பார்த்தார். "சீரம் எங்க?"

"முடிய நீட்டினது சீரம் இல்ல சார், அயர்ன். ஒடியாம காக்கறதுன்னு சொல்லி ஒடைச்சுக்கிட்டு இருக்காங்க. இந்தப் பிள்ள தலைலயும் அதக் கட்ட என்னால ஆகாது."

மேனேஜர் டாக்ஸிக்காரியைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை கலையாமலே சுருட்டையிடம் குனிந்து மெல்லப் பேசினார். "விளையாடாத. மத்தியானம் போட்டோ எடுக்க வராங்க. போய் உக்காரு. பிரச்சனைப் பக்கம் கொஞ்சம் படிஞ்ச மாதிரி இருக்கு, பாரு. இன்னும் நல்லாக் கலைஞ்சு நிக்கணும்." சொல்லிக்கொண்டே கையை நீட்டி, ஏதோ நாய்க்குட்டியின் தலை மாதிரி, அவளுடைய வலது பக்கத்து முடியை ஐந்து விரலாலும் கலைத்துவிட்டார்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்ட சத்தம் மூன்றாம் வரிசையின் கடைசிவரை கேட்டது.

"கைய எடுங்க. யாரு முடின்னு நினைச்சீங்க?"

மேனேஜர் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். வலியைவிடத் திகைப்புதான் அதிகம் தெரிந்தது. பதினொரு வருஷத்தில் அவர் கேட்ட எதற்கும் அவள் மாட்டேன் என்று சொன்னதில்லை. சுருட்டை அலமாரியிலிருந்து, அந்தக் கண்டிஷனரிலேயே சாம்பிளுக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, ஊழியர்களின் கழிவறைக்குப் போனாள்.

குழாயை முழுதாகத் திறந்துவிட்டுத் தலையை அடியில் கொடுத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வந்தது கோபம்தான், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தும் ஆறாத கோபம். பாத்திரம் தேய்க்க ஆகும் என்றவன்மேல், சிரித்தவர்கள்மேல், கூடச் சேர்ந்து சிரித்த தன்மேல். பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கை நிறைய எடுத்து, வேரிலிருந்து இல்லாமல் நுனியிலிருந்து, அவசரப்படாமல், விரலால் சிக்கெடுத்தாள். இடது பக்கம் துண்டு துண்டாகக் கையோடு வந்தது. வந்ததை எண்ணவில்லை. அலசினாள். பிழியவில்லை, துடைக்கவில்லை. அப்படியே வெளியே நடந்தாள்.

பில் கவுண்டர்கள் வழியாக, தள்ளுவண்டிகள் வழியாக, சொட்டச் சொட்ட வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தரை துடைக்கிற அம்மா அவள் வந்த ஈரத் தடத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். 'வழுக்கும், கவனம்' என்ற மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து மேடைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் பலகையைப் பார்த்து நின்றார்கள். வலது பக்கம் ஒவ்வொரு சுருளும் கறுத்து, கனத்து, தனித்தனியாகத் தொங்கியது. இடது பக்கம் கழுத்தோடு ஒட்டிக்கிடந்தது.

மேனேஜர் வேகமாக வந்தார். "என்ன இது? என்ன கோலம் இது? காய வை. அயர்ன் போடு, சீக்கிரம்!"

"ஈரத் தலைல வைக்கக் கூடாது சார். வெந்துடும்" என்றாள் கம்பெனிப் பொண்ணு. மைக் இல்லாததால் அவள் குரல் சின்னதாக இருந்தது.

"போட்டோக்காரங்க பார்க்கிங்ல நிக்கறாங்க! ஒரு தடவ இழுத்துவிடு, போதும்."

கம்பெனிப் பொண்ணு அயர்னை எடுத்தாள். சுருட்டை திரும்பவில்லை. நேர் எதிரே, பைகளோடும் பிள்ளைகளோடும் நின்றுவிட்ட அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகடுகள் காதருகே வந்தபோது வெக்கை கன்னத்தில் அடித்தது. அவள் தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்தாள். நுனியிலிருந்து ஒரு சொட்டு தகட்டின்மேல் விழுந்து, சுர்ரென்று சீறி, நிஜமான ஆவியாக, வெள்ளையாக மேலே போனது.

கம்பெனிப் பொண்ணு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதே நுனியில், வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த சொட்டு மெல்லத் திரண்டுகொண்டிருந்தது.