மஞ்சள் மாத்திரை

பால் பொங்கி வந்ததால்தான் ருக்மிணி ஸ்டவ் பக்கம் திரும்பினாள். அடுப்பை அணைத்து, வழிந்ததைத் துடைத்துத் திரும்பிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நாய் டஃபி பாதிச் சோற்றில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டிருந்தது. அதன் தட்டில் லில்லியின் முகம் இருந்தது. வெள்ளைப் பூனை, தயிர்சோற்றை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

மிச்சம் வீணாகப் போகவில்லையே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்புறம் பூனையின் மீசையில் ஒட்டியிருந்த தயிரைப் பார்த்தாள். அதில் மஞ்சளாய்ப் பொடிப்பொடியாக இருந்தது.

தட்டைப் பிடுங்கினாள். அடியில் இரண்டு வாய் சோறுகூட இல்லை.

ஆஸ்டின் டவுனில் அந்த வீட்டில் ருக்மிணிக்கு ஆறு வருஷ வேலை. விடியற்காலை நாலரையிலிருந்து மாநகராட்சிக்கு ரோடு பெருக்குவாள். அது முடிந்து ஒன்பது மணிக்கு ஜோசஃபின் டீச்சர் வீட்டுக்கு வருவாள். டீச்சர் ரிட்டயர் ஆனவர், தனியாக இருப்பவர். பித்தப்பைக் கல்லுக்கு இன்றைக்குக் காலையில் ஆபரேஷன். நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். நாயும் பூனையும் மூன்று நாளைக்கு ருக்மிணி பொறுப்பு.

டஃபிக்கு வந்திருப்பது விசித்திரமான நோய். அதன் உடம்பே அதன் ரத்தத்தை எதிரி என்று நினைத்து அழிக்கிறது. ஈறெல்லாம் வெளுத்து, நிற்க முடியாமல் கிடந்ததை இரண்டு மாத்திரைகள்தான் எழுப்பி உட்கார வைத்தன. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. இரண்டும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மருந்து. எப்படிக் கொடுக்க வேண்டும் என்று டீச்சர் பெரிய பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். கையுறை போட்டுக்கொள். மாத்திரையை உடைக்காதே, பொடிக்காதே. ஈரல் துண்டுக்குள் முழுசாக வைத்துக் கொடு. ஈரலை அவித்து டப்பாவில் போட்டும் வைத்திருந்தார்.

ருக்மிணியின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. ஆடி மாதம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி ஐந்து நாள் ஆகிறது. கவுச்சி தின்னவும் கூடாது, தொடவும் கூடாது. இதை டீச்சரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆபரேஷனுக்குக் கிளம்புகிறவரிடம் போய் என் விரதம் என்று நிற்பதா? நாம் எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளை மாத்திரை வாழைப்பழத்தோடு இறங்கிவிட்டது. மஞ்சளை டஃபி மூன்று தரம் துப்பியது. மணி பத்தாகிவிட்டது. பன்னிரண்டுக்குக் கோயிலில் கூழ் ஊற்ற வேண்டும். மகள் மகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் மாத்திரையை டம்ளர் அடியால் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்த கை அது. அதே மாதிரி நசுக்கித் தயிர்சோற்றில் பிசைந்துவிட்டாள். கையுறையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

இப்போது ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். நாற்பத்தி மூன்று வயதில் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்து மாலை வகுப்பில் கற்ற எழுத்து. அவசரத்தில் அது அவளுக்கு ஓடி வராது. விரலை வைத்துக் கடைசி வரியை நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

மஞ்சள் மாத்திரை பூனைக்கு விஷம். லில்லி நக்கக்கூட விடாதே.

லில்லி ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் இல்லை. டீச்சருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார்கள். காகிதத்தின் ஓரத்தில் கால்நடை டாக்டர் வீணாவின் நம்பர் இருந்தது. அதை அழுத்துவதற்கு முன்னால் விரல் அப்படியே நின்றது.

யாரும் பார்க்கவில்லை. தட்டைக் கழுவிவிட்டால் தீர்ந்தது. பூனை நாலு வாந்தி எடுத்தால் பல்லியைத் தின்றது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆறு வருஷமாக வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. 'பொடிக்காதே' என்று எழுதியதைப் பொடித்தவள் கையில் யார் சாவியைக் கொடுப்பார்கள்?

லில்லி அவளைப் பார்த்து ஒரு தரம் கத்திவிட்டு மறுபடி மீசையை நக்கப் போனது.

ருக்மிணி நம்பரை அழுத்தினாள்.

"மேடம், ஆஸ்டின் டவுன் டஃபி வீட்லருந்து ருக்மிணி பேசுறேன். டஃபி மாத்திரைய லில்லி தின்னுட்ச்சு."

"எந்த மாத்திரை?"

"மஞ்சள்."

"முழுசாவா?"

"பொடிச்சு சோத்துல போட்டேன் மேடம். நாய் பாதி தின்னுச்சு. பாதி இது."

"எத்தன நேரமாச்சு?"

"கால் மணி இருக்கும்."

"சரி, கேளுங்க. வீட்ல உப்புத் தண்ணி, எண்ணெ, எதுவும் வாயில ஊத்த வேணாம். மூஞ்சிய ஈரத்துணியால தொடச்சு, கூடையில போட்டு உடனே கொண்டு வாங்க. டஃபிக்கு இன்னொரு மாத்திரை குடுத்துடாதீங்க. எவ்ளோ உள்ள போச்சுன்னு தெரியாது, நாளைக்கு அதே டைமுக்குக் குடுத்தா போதும். மாத்திரை டப்பாவயும் எடுத்துட்டு வாங்க. வெறுங்கையாலயா பொடிச்சீங்க?"

"ஆமா."

"சோப்புப் போட்டுக் கழுவுங்க. வீட்ல யாராவது மாசமா இருக்காங்களா?"

ருக்மிணி கையைப் புடவையிலிருந்து தள்ளிப் பிடித்தாள். "என் பொண்ணு. ஏழு மாசம்."

"நீங்க குளிச்சுப் பொடவ மாத்துற வரைக்கும் அவங்க கிட்ட போவாதீங்க. அந்தப் பொடி அவங்க மேல படக்கூடாது. சீக்கிரம் வாங்க."

கழுவினாள். மூன்று தரம் கழுவினாள். இந்தக் கையோடு போய்க் கூழ்ச் சட்டியில் கரண்டி விட்டுத் தெருவுக்கே ஊற்றியிருப்பேன் என்று நினைத்தபோது நான்காவது தரம் கழுவினாள். டஃபி பால்கனியில் இருந்தது. கதவைத் தாளிட்டாள்.

லில்லி பிடிபடவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ருக்மிணி மண்டி போட்டுப் படுத்துக் கையை நீட்டினாள். துடைப்பம் பிடித்துத் தேய்ந்த தோள் அதற்கு மேல் நீளவில்லை. கடைசியில் போர்வையைப் போட்டு இழுத்தபோது நகம் மணிக்கட்டில் கிழித்துக் காப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. அறுத்துவிட்டால் கை வந்துவிடும். அறுக்காமல் நகத்தைக் கழற்றினாள். அதற்கு ஒரு நிமிஷம் போனது. துணிக்கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டிக் கீழே ஓடினாள்.

தெரு முனையில் முனிராஜின் ஆட்டோ நின்றது. பக்கத்துத் தெருக்காரன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன்.

"அல்சூர் ஏரி கிட்ட. டீச்சரம்மா பூனைய கூட்டிப் போவாங்களே, அந்த டாக்டரு."

"கூழு ஊத்தலயா நீ?"

"ஓட்டு நீ."

வண்டி கிளம்பியதும் விஷயத்தைச் சொன்னாள். முனிராஜ் கண்ணாடியில் கூடையைப் பார்த்தான்.

"நல்லாத்தானக்கா கீது? கத்துற கத்துக்கு ஊரையே கூட்டும் போல. எதுக்கு நீயா போய் வாயக் குடுத்து மாட்டிக்கிற?"

"நல்லாத்தான் கீது. அதான்டா பயமா கீது."

மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தருகே தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்றது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கூடைக்குள் சத்தம் நின்றுவிட்டது. ருக்மிணி துண்டின் இடுக்கில் விரலை விட்டாள். சூடான மூக்கு ஒன்று விரலில் முட்டியது. மணி பத்து ஐம்பது. முனிராஜ் பேச்சை விட்டுவிட்டு, வண்டியை நடைபாதை மேல் ஏற்றினான். பூக்காரி ஒருத்தி அவன் பரம்பரையையே திட்டினாள்.

கிளினிக்கில் டாக்டர் வீணா வாசலிலேயே நின்றார். டப்பாவை வாங்கிப் பார்த்தார், பூனையை எடை போட்டார், வாந்தி வரவைக்க ஊசி போட்டார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. லில்லி தலையைத் தொங்கப் போட்டு, முதுகைக் குறுக்கி, வாந்தி எடுத்தது. சோறு, தயிர். டாக்டர் கையுறைக் கையால் கிளறினார். மஞ்சள் துகள்கள் இருந்தன.

"வந்துட்ச்சா மேடம்?"

"நெறைய வந்திருக்கு. எல்லாமா வந்துதுன்னு சொல்ல முடியாது." மிச்ச விஷத்தை உறிஞ்சும் கரி மருந்தை ஊசிக்குழாயில் எடுத்தபடி சொன்னார். "இந்த மருந்து பூனைக்கு இன்னிக்கு ஒண்ணும் பண்ணாது, ருக்மிணியம்மா. எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும். அங்கதான ரத்தம் ஊறுது, அதையே நிறுத்தும். தெரிய ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆவும். நீங்க இன்னிக்குச் சொல்லலன்னா, அப்ப கொண்டு வந்தா என்னன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வாரா வாரம் ரத்தம் பாக்கணும். நாலு வாரம்."

கடைசியாக, "ஏன் பொடிச்சீங்க?" என்று கேட்டார்.

ருக்மிணி மணிக்கட்டைக் காட்டினாள். மஞ்சள் கயிற்றில் ரத்தம் காய்ந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். திட்டவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே. ராகி முத்தெ, களி உருண்ட, பண்ணுவீங்கல்ல? முத்தெய யாரு மெல்றாங்க, முழுங்கத்தான செய்றோம். சின்னதா உருட்டி, உள்ள முழு மாத்திரைய வெச்சு, முதல்ல வெறும் உருண்ட ஒண்ணு, ரெண்டாவதா மருந்து, மூணாவது ஒடனே இன்னொண்ணு. மூணாவதுக்கு ஆசைப்பட்டு ரெண்டாவத முழுங்கிடும்."

அம்மன் அந்த வருஷம் ருக்மிணி கையால் கூழ் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் சட்டியைத் தூக்கிப் போனாள். ருக்மிணி கிளினிக்கிலிருந்து வந்து டீச்சர் வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் டம்ளரையும் கவரில் கட்டிப் போட்டு, அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, டீச்சரின் பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் டீச்சரின் போன் வந்தது. குரல் கம்மியிருந்தது.

"பிள்ளைங்க சாப்ட்டாங்களா ருக்கு?"

சொல்லாமல் வைத்துவிட அப்போதும் ஒரு வழி இருந்தது. ருக்மிணி டம்ளரில் தொடங்கி வாந்தி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எழுதி வெச்சிருந்தேனே ருக்கு."

"ஆமா டீச்சரம்மா."

போன் கட்டானது. சாவியை என்ன செய்வதென்று டீச்சர் சொல்லவில்லை. ருக்மிணியும் கேட்கவில்லை.

மறுநாளும் வந்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? கையுறையை மாட்டினாள். லில்லியைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். மூன்று ராகி உருண்டை. டஃபி ஒன்றை முழுங்கியது, இரண்டை முழுங்கியது, மூன்றுக்கு நாக்கை நீட்டியது. வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தட்டைக் கழுவிய பிறகுதான் கதவைத் திறந்தாள்.

டீச்சர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. முதல் வாரம் லில்லியின் ரத்தத்தில் குறை இல்லை. இரண்டாம் வாரம் வெள்ளை அணுக்கள் பாதியாக இறங்கியிருந்தன. டாக்டர் அதைச் சொன்னபோது டீச்சர் ருக்மிணி பக்கம் திரும்பவே இல்லை. அந்த வாரம் முழுக்க ரோடு பெருக்கும்போதெல்லாம் ருக்மிணிக்கு அந்த மஞ்சள் துகள்தான் கண்ணில் நின்றது. வேலை முடிந்ததும் ஓடி வந்து முதலில் பூனையின் ஈறைத் தூக்கிப் பார்ப்பாள், சிவப்பா வெளுப்பா என்று. லில்லி அவள் விரலைக் கடிக்கும். கடி அழுத்தமாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

மூன்றாம் வாரம் அதே எண்ணிக்கை நின்றது. நான்காம் வாரம் ஏறியது.

அன்றைக்குக் கிளினிக்கிலிருந்து திரும்பியதும் டீச்சர் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தெடுத்தார். புதுக் காகிதம் ஒன்றில் எழுதி ஒட்டிவிட்டு உள்ளே போனார். ருக்மிணி கையைத் துடைத்துக்கொண்டு போய் விரலை வைத்துப் படித்தாள். பூனை வரி இப்போது முதலில் இருந்தது. ஈரல் இருந்த இடத்தில் ராகி உருண்டை என்று இருந்தது. கடைசியில் புதிதாக ஒரு வரி.

முடியாது என்றால் என்னிடம் சொல். நான் எங்கே இருந்தாலும்.

மணி பத்தாகியிருந்தது. ருக்மிணி லில்லியைத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கையுறையை எடுத்தாள்.